பொட்டு வைத்த துப்பாக்கி

சடையப்பன் செய்த சாமான்கள் எத்தனையோ சினிமாவில் நடித்துவிட்டன. ஆனால் அதில் ஒன்றையாவது கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் கிடையாது.

ஒரு படத்துக்கு வட்ட மேசை செய்து கொடுத்தார். நாலு காலிலும் சிங்க முகம். ஒவ்வொரு சிங்கத்துக்கும் பல் தனித்தனியாகத் தெரியும். படப்பிடிப்பில் மேசை மேல் வெள்ளைத் துணியை விரித்தார்கள், துணி தரையைக் கூட்டுகிற மாதிரி தொங்கியது. இன்னொரு படத்துக்குப் பல்லக்கு செய்தார். பல்லக்கு வரும்போது பார்த்துச் சாம்பிராணிப் புகையைக் கிளப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு படத்துக்குத் துப்பாக்கிகள். அந்தச் சண்டை முழுக்க இருட்டு. ஒவ்வொரு தடவையும் முதல் நாளே கடலூர் தியேட்டருக்குக் குடும்பத்தோடு போய் உட்காருவார். "அதோ! அதோ பாரு!" என்று விரலை நீட்டுவதற்குள் திரையில் வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.

"பாத்தேங்க, பாத்தேன்" என்பாள் மனைவி காயத்ரி. "அந்தத் துணி ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் மனிதருக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும். பணம் வருகிறது, வேலை வருகிறது, எல்லாம் சரி. தன் கையால் செய்த ஒரு சாமானைத் தன் பெண்டாட்டி திரையில் பெரிதாக, தெளிவாக, ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். ஆசை சின்னதாக இருந்தால் சீக்கிரம் நிறைவேறும் என்று நினைப்பவர்கள் சினிமாக்காரர்களோடு பழகியதில்லை.

சடையப்பன் கடலூர்ப் பக்கம் குடிகாடு என்கிற ஊர்க்காரர். மல்லாட்டை என்று அங்கே சொல்கிற நிலக்கடலை போட்டுப் பிழைத்த குடும்பம், தச்சு வேலைக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டு கெமிக்கல் கம்பெனிகளுக்குப் போனபோது, இவர் மட்டும் புதுச்சேரிக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு கடையில், வெள்ளைக்காரன் காலத்து நாற்காலியைப் பார்த்து அச்சு அசலாகப் புது நாற்காலி செய்வார்கள். செய்து முடித்ததும் அதை அடித்துத் துவைத்துப் பழசாக்குவார்கள். துருப்பிடித்த ஆணியைப் புளித்த காடியில் ஊறவைத்துப் பூசுவது, டீ டிகாஷனால் துடைப்பது, சைக்கிள் செயினால் நாலு சாத்து சாத்துவது என்று அதற்கு ஒரு பெரிய வைத்தியமே உண்டு. நேற்று பிறந்த நாற்காலிக்கு நூறு வயது ஏற்றிக் கொடுப்பதில் சடையப்பன் கெட்டிக்காரர். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டறை இருக்கிறது. சினிமாக் கம்பெனிக்காரர்கள் தேடி வருகிறார்கள்.

அவருக்குச் சரிக்குச் சரியாக வாயாட ஒரே ஓர் ஆள் உண்டு. காயத்ரியின் தம்பி ஜெயப்பிரகாஷ். சிதம்பரத்தில் மெஷின் வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால், மெஷின் தானே ஊசி மாதிரி இறங்கி மரத்தைக் குடைந்து கஜலட்சுமியைக் கொண்டுவந்துவிடும். அவன் போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் யானையின் தும்பிக்கை முடிந்திருக்கும். ஊரில் பாதி வீட்டு வாசற்கதவு அவன் கடையில் பிறந்ததுதான்.

"மாமா, நீங்க ஒரு கதவு செய்யறதுக்குள்ள அந்த வூட்டுக்காரனே போய்ச் சேந்துடுவான்" என்பான்.

"ஒன் கதவத் தட்டுனா தபால் பெட்டியத் தட்டுன மாதிரி கேக்குது மச்சான்" என்பார் இவர்.

இரண்டு பேர் சேர்ந்தே திரிந்தால் இரட்டைக்குழல் துப்பாக்கி என்று சொல்வது வழக்கம். இந்த மாமன் மச்சானையும் சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். என்ன, இந்தத் துப்பாக்கியில் இரண்டு குழலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவர்கள் தலையில் நிஜமான இரட்டைக்குழல் துப்பாக்கியே வந்து விழுந்தது.

கரும்புத் தோட்டக்காரர் ஒருவரைப் பற்றிய படம். கலை இயக்குநரிடம் உதவியாளராக இருக்கும் சத்யப்பிரியா குடிகாட்டுக்கு வந்தாள். பழைய காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி மாதிரியே டம்மி வேண்டும், சுடக் கூடாது, பார்த்தால் மட்டும் சுட்டுவிடும் போல இருக்க வேண்டும் என்றாள். தோட்டக்காரரின் ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்க எட்டு. கதாநாயகன் கையில் ஒன்று.

"எட்டும் ஒரே மாதிரி இருக்கணும், சீக்கிரமும் வேணும்" என்றாள். "அத உங்க மச்சான் மெஷின்ல போட்டுக்கட்டும். ஹீரோவோடத நீங்க கையால பண்ணுங்க சார். மடக்கித் திறக்கணும், மூடணும். அதுக்கு க்ளோஸப் இருக்கு."

க்ளோஸப். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் சடையப்பன் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் காயத்ரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பார்த்துச் செய்ய அசல் வேண்டுமே. நெல்லிக்குப்பத்துப் பக்கம் செந்தமிழ்செல்வன் என்ற கரும்பு விவசாயியிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருந்தது. தாத்தா வாங்கியது. பன்றி விரட்ட வைத்திருக்கிறார். துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே போகாது, வேண்டுமானால் என் கண் முன்னால் வைத்து அளந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மாமனும் மச்சானும் ஒரே பைக்கில் போனார்கள்.

கூடத்தில் பாய் விரித்து, துப்பாக்கியை அதன் மேல் படுக்க வைத்தார் செந்தமிழ்செல்வன். ஜெயப்பிரகாஷ் ஸ்கேனரைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரகாரம் சுற்றுவது போல அதை வலம் வந்தான். நீல வெளிச்சம் மினுக் மினுக் என்று அடித்தது. "மயிரிழை வுடாது மாமா. இருக்கறத இருக்கற மாதிரியே எடுத்துரும்" என்றான். லேப்டாப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு துப்பாக்கி முளைத்துக்கொண்டே வந்தது. இரும்பும் சாம்பல், மரமும் சாம்பல்.

சடையப்பன் கொண்டுபோனது கல்யாணப் பத்திரிகை அட்டையும் கத்தரிக்கோலும். கட்டையின் வளைவுக்கு அட்டையை வைத்து, இடுக்குத் தெரிகிற இடத்தில் வெட்டி, மறுபடி வைத்து, மறுபடி வெட்டி, வளைவும் அட்டையும் ஒட்டிக்கொள்ளும் வரைக்கும் பார்ப்பார். மரமும் இரும்பும் சேருகிற இடத்துக்கு வந்தபோது அட்டை முட்டியது. அங்கே அரைப் பாக்களவுக்கு ஒரு மேடு.

"அது சந்தனங்க" என்றார் செந்தமிழ்செல்வன். "ஆயுத பூஜைக்கு டிராக்டர், மோட்டார், துப்பாக்கி எல்லாத்துக்கும் வெப்போம்ல? எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதே எடத்துல வெக்கிறது. பழசத் தொடைக்கிற வழக்கம் கெடையாது. மேல மேல வெச்சி கல்லாட்டம் ஆயிடுச்சி."

சடையப்பன் தலையை ஆட்டினார். அட்டையில் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கத்தரித்துவிட்டு, மேடே இல்லாத மாதிரி கோட்டை இழுத்துக்கொண்டு போனார். ஜெயப்பிரகாஷ் அப்போது வாசலில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு குடிகாட்டுப் பட்டறையில் சடையப்பனைக் கூப்பிட்டால் பதில் வராது. நன்றாகக் காய்ந்த வாகை மரம் ஒன்றை என்றைக்கோ எடுத்து வைத்திருந்தார். இப்போதுதான் அதற்கு நேரம் வந்தது என்று அறுத்தார். பழுப்பும் கறுப்புமாக உள்ளே ரேகை ஓடியது. கையால் பிடிக்கிற இடத்தில் வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் வெட்ட வேண்டும். உடைந்த ரம்பத் தகட்டைத் தேய்த்து அதற்கென்று ஓர் அரம் செய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக இழுத்தார். உள்ளே அடைத்த குழாய் இரண்டைக் குழலாக வைத்து, கீல் போட்டு, மடக்கினால் 'க்ளக்' என்று அசலைப் போலவே சத்தம் வருகிற வரைக்கும் விடவில்லை. அந்தச் சத்தம் வந்த அன்றைக்குச் சின்னப் பிள்ளை மாதிரி திறந்து மூடித் திறந்து மூடி விளையாடினார். காயத்ரி உள்ளேயிருந்து, "போதுங்க, கொழம்பு கொதிக்கிறதுகூட கேக்க மாட்டேங்குது" என்று கத்தினாள்.

மச்சான் என்ன லட்சணத்தில் செய்திருக்கிறான் என்று பார்க்காவிட்டால் தூக்கம் வருமா? சிதம்பரத்துக்குப் போனார். கடைச் சுவரில் எட்டுத் துப்பாக்கியும் வரிசையாகச் சாய்ந்திருந்தன. உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே இருந்தன. ரப்பர் மரம்தான், ஆனால் கட்டம் வெட்டியதில் ஒரு கோடுகூடக் கோணவில்லை. சடையப்பனுக்கு லேசாக வயிறு எரிந்தது. ஒன்றைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் ஏறி இறங்கியது. அடுத்ததை எடுத்தார். அதிலும் ஏறி இறங்கியது.

"இது என்னா மச்சான்?"

"அதுவா? கட்டவெரல் வெக்கிற எடம் மாமா. ஒரிஜினல்ல இருக்குது. உங்க கண்ணுக்குத் தெரியல, மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா?"

சடையப்பன் அப்படியே மரத்தூள் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "சந்தனம்டா மச்சான்! ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம்! சந்தனத்தப் போயி செதுக்கி வெச்சிருக்கியே!" கண்ணில் தண்ணீர் வழிய காயத்ரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. ஜெயப்பிரகாஷின் முகம் சுண்டிவிட்டது.

"எல்லாத்தயும் தேச்சி எடுத்துடறேன் மாமா."

"அட வுடு. பின்னாடி நிக்கிறவன் துப்பாக்கிய எவன் பாக்கப் போறான்?" என்றார் சடையப்பன். ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னார். அதில் இருந்த கொழுப்பு அவருக்கே தெரியாமல் இல்லை.

படப்பிடிப்பு பிச்சாவரம் போகிற வழியில், பழைய பங்களா ஒன்றில். கம்பெனிக்காரர்கள் போலீசில் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்கள். சடையப்பன் தன் துப்பாக்கியை யாரிடமும் கொடுத்தனுப்பச் சம்மதிக்கவில்லை. போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். "என்னாய்யா அது நீட்டமா?" என்று கண்டக்டர் கேட்டார். "துப்பாக்கி" என்றார் இவர். "ஆளப் பாரு, நக்கல" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார் கண்டக்டர்.

பங்களா படிக்கட்டில் எல்லாத் துப்பாக்கியையும் பரப்பி வைத்தார்கள். இயக்குநர் ஸ்ரீமதி, தொப்பி போட்டுக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்கிற பெண், வந்து எட்டில் ஒன்றை எடுத்தாள். அவள் விரலும் அங்கே ஏறி இறங்கியது.

"என்ன இது?"

ஜெயப்பிரகாஷ் முன்னால் வந்தான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மேடம், ஒரிஜினல்ல ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெச்சி வெச்சிக் கெட்டியாப் போயிருந்துச்சி. எனக்குத் தெரியல. மெஷினும் அதயே செதுக்கிடுச்சி."

சடையப்பன் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார். ஸ்ரீமதி சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"ஏங்க, கரும்புத் தோட்டக்காரர் வீட்டுத் துப்பாக்கின்னா இப்படித்தானே இருக்கும்! இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு? எல்லாத்துலயும் இதுக்கு மேல பழைய சந்தனம் மாதிரி கலர் அடிங்க, நடுவுல குங்குமம் வைங்க."

அப்புறம் சடையப்பனின் துப்பாக்கியை எடுத்தாள். மடக்கினாள், க்ளக். "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். சடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் கட்டையைத் தடவினாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"இதுல பொட்டு எங்க?"

"அது அழுக்குதானேங்க மேடம். நான் எடுத்துட்டேன்."

"ஏன், ஹீரோ வீட்டுல மட்டும் ஆயுத பூஜை கிடையாதா?"

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சத்யப்பிரியா வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். கதாநாயகன் தன் ஆட்களோடு வரிசையில் நிற்கிற காட்சி, அவன் துப்பாக்கி மட்டும் வேறு மாதிரி இருக்க முடியாது, எட்டில் ஒன்றையே அவனுக்கும் கொடுத்துவிடலாம், மடக்குகிற இடத்தை வேறு விதமாக எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. லைட் எல்லாம் போட்டாகிவிட்டது.

சடையப்பன் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். க்ளோஸப் போயிற்று. அதுவும் இருட்டாலோ புகையாலோ இல்லை, தன்னுடைய புத்திசாலித்தனத்தால் போயிற்று. மெஷினுக்கு எதை விட வேண்டும் என்று தெரியாது. தனக்குத் தெரிந்தது, விட்டுவிட்டோம். காலையில் கேமராவுக்குப் பூஜை போட்ட தட்டிலிருந்து சந்தனத்தை அள்ளிக்கொண்டு ஓடிவந்து துப்பாக்கியில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் அது மஞ்சளாக, ஈரமாகப் பளபளத்தது. அன்றைக்குக் காலையில் தாலி கட்டிய மாப்பிள்ளை மாதிரி இருந்தது துப்பாக்கி. நூறு வருஷத்து நாற்காலியை ஒரே நாளில் செய்கிறவருக்கு, காயாத சந்தனத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. துடைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

பின்னால் டக் என்று ஒரு சத்தம். திரும்பினார். ஜெயப்பிரகாஷ் இவருடைய பையிலிருந்து உளியை எடுத்து, இன்னும் வர்ணம் அடிக்காத தன் துப்பாக்கி ஒன்றின் மேல் வைத்து ஒரே தட்டு. மேடு அப்படியே சில்லாகப் பெயர்ந்து வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"இந்தாங்க மாமா. ஒட்டுங்க."

"டேய்! எட்டு ஏழாயிடுமேடா!"

"ஒருத்தன் கம்பு வெச்சிகிட்டு நிக்கட்டும். நீங்க ஒட்டுங்க."

சடையப்பன் அதை வாங்கவில்லை. வாகை மரத்தின் மேல் ரப்பர் மரச் சில்லா? கையால் இழைத்ததன் மேல் மெஷின் கக்கியதா? ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த அதே பொட்டா? "நீ என்னா நெனச்சிகிட்டு இதத் தர்ற மச்சான்? நான் ஒன்னய அவ்ளோ கிண்டல் பண்ணேன்."

"கிண்டலுக்கு வூட்ல போயி பதில் சொல்லிக்கறேன். அதுக்குன்னு அக்கா இந்தத் தடவயும் துணியப் பாத்துட்டு வரணுமா?"

சடையப்பன் சில்லை வாங்கினார். அடிப்பக்கத்தை வெற்றிலை மாதிரி மெல்லிசாகச் சீவினார். பசை போட்டு அமுக்கினார். ஓரம் எங்கே முடிகிறது, கட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி அரத்தால் இழைத்தார். ஜெயப்பிரகாஷ் யூனிட் டீயை டம்ளரோடு தூக்கிக்கொண்டு வந்தான். "சக்கர போட்டதா?" "போட்டதுதான்." "பரவால்ல, ஒட்டிக்கும்" என்று அதையே பூசி, மேலே வர்ணம் வைத்து, விரலால் தேய்த்துத் தேய்த்துப் பல வருஷங்களை ஏற்றினார். கடைசியில் குங்குமம். ஸ்ரீமதி வந்து பார்த்தாள். கதாநாயகனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த இருவருக்கும் கேமராவின் முதுகுதான் தெரிந்தது. என்ன எடுத்தார்கள் என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சம்.

பொங்கலுக்குப் படம் வந்தது. கடலூர் தியேட்டரில் ஒரு வரிசை முழுக்கக் குடிகாட்டு ஆட்கள், பின் வரிசையில் சிதம்பரத்திலிருந்து ஜெயப்பிரகாஷ் கூட்டிவந்த பட்டாளம். இடைவேளை முடிந்தது. பங்களா வந்தது, படிக்கட்டு வந்தது, வரிசையாக ஆட்கள் நின்றார்கள், அதில் ஒருவன் கம்பு வைத்திருந்தான். சடையப்பன் விரலை நீட்டவில்லை. நீட்டினால் காட்சி மாறிவிடும் என்ற பயம்.

அப்போது திரை முழுக்க அது வந்தது. துப்பாக்கியே இல்லை. கீல் இல்லை, குழல் இல்லை, மூச்சைப் பிடித்து வெட்டிய கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. வாகை மரத்தின் ரேகை கொஞ்சம், அதன் நடுவில் சந்தனப் பொட்டு, தேங்காய் மூடி அளவுக்கு. கதாநாயகனின் கட்டைவிரல் மெதுவாக வந்து அதன் மேல் உட்கார்ந்தது. விரல் அங்கேயே இருந்தது. துணி மூடவில்லை, புகை வரவில்லை, யாரும் குறுக்கே போகவில்லை.

"ஏய்! கட்டவெரல் வெக்கிற எடம்டா! நான் சொன்னேன்ல!" என்று பின்னாலிருந்து ஜெயப்பிரகாஷ் எழுந்து நின்று விசிலடித்தான். பட்டாளம் முழுக்க விசிலடித்தது. தியேட்டரில் இருந்த மற்றவர்கள் கதாநாயகனுக்கு என்று நினைத்துக்கொண்டு அவர்களும் அடித்தார்கள்.

காயத்ரி சடையப்பனின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. "பாத்தேங்க! இந்தத் தடவ நல்லாப் பாத்துட்டேங்க! எவ்ளோ பெரிசு! அந்தப் பொட்ட யாருங்க செஞ்சது?"

சடையப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"செஞ்சது ஒன் தம்பி" என்றார். "வெச்சது நானு."